நல்ல பக்கம் வெளியே

கொட்டாம்பட்டியைத் தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து கிழக்கே பிரிகிற தார்ரோட்டில் ஒரு சிவப்புக் கார் தினமும் காலையில் வெளியே வரும், சாயங்காலம் உள்ளே போகும். வயிறு தரையில் உரசிவிடுமோ என்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். அம்புட்டுத் தாழ்வு. ஓட்டுகிறவன் பீமாராவ். மதுரை பழங்காநத்தத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அடுத்தவர் எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. தன் கார் டயரின் உள்பக்கத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மகராசன் அவன். அவன் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்தால் அந்த டயரைச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது.

பேர் வைத்தது அவனுடைய அப்பா கருப்பு. கருப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், “என்னய்யா இம்புட்டுப் பெரிய பேரு, சுருக்கி எழுதிக்கிறவா?” என்று கேட்டாராம். “ஒரு எழுத்துக் கொறஞ்சாலும் புள்ளயக் கூட்டிட்டுப் போயிருவேன்” என்று நின்றிருக்கிறார். ஊர்த்தெருக்காரர்களுக்கு அந்தப் பேர் முழுசாக வாயில் வராது. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போல, ‘பீமா’வோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர்கள் இருப்பது காலனி. காலனிக்குப் போக ஒரே வழிதான். ஊர்த்தெரு, அதன் நடுவில் மந்தை, மந்தையைத் தாண்டி ஓடைப்பாலம், அப்புறம் காலனி. மந்தையில் வேப்பமரத்தைச் சுற்றி சிமெண்டு மேடை கட்டிப் போட்டிருக்கிறார்கள். வேலை இல்லாதவர்களும் வேலையை ஆள் வைத்துச் செய்கிறவர்களும் அதில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் காலனிக்காரர்கள் மந்தையைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, உருட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

கல்யாணமான புதிதில் கருப்பு ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். மந்தை வந்தது. இறங்கவில்லை. இழுத்துப் போட்டு அடித்தார்கள். இடது தோள்பட்டை எலும்பு உடைந்தது. போலீஸ், கேஸ் என்று எல்லாம் நடந்து ஒன்றும் நடக்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடித் தோளில் முண்டு கட்டிக்கொண்டது. கட்டு அவிழ்த்த மறுநாள் அந்த மனுஷன் அதே சைக்கிளில், அதே வழியில், மணி அடித்துக்கொண்டு போனார். வேலை இருக்கிறதோ இல்லையோ, தினமும் போய் வந்தார். அடிக்கிறவர்களுக்கே ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. அதற்கப்புறம் காலனியில் யாரும் அங்கே இறங்கியதில்லை. கருப்பு வாழ்நாளில் சம்பாதித்த சொத்து என்றால் அது ஒன்றுதான். அதைத்தான் மகன் ஒரு சாயங்காலத்தில் தொலைத்தான்.

பீமாராவ் கெட்டவன் இல்லை. ரேடியாலஜி டிப்ளமா படித்தான். வேலை கிடைத்தது. பாண்டிமீனாவைக் கட்டினான். பவதாரிணி என்று ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் வகுப்பு. பஸ்ஸில் போய் வந்து கொண்டிருந்தவன் கண்ணில் அந்தச் சிவப்புக் கார் பட்டதுதான் கெட்ட நேரம். மதுரையில் விக்ரம் என்ற கல்லூரிப் பையன் வெளிநாடு போவதற்காக விற்ற கார் அது. பையன் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு ஒட்ட வைத்திருந்தான். பெரிய அலாய் வீல், அதைச் சுற்றிப் பட்டை போல மெல்லிய டயர். பெட்ரோல் பங்கில் நின்றால் நாலு பேர் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். “அண்ணே, எங்க செஞ்சது?” என்று கேட்பார்கள். பீமாராவுக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து யாரும் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கார் எங்கே செய்தது என்றுதான் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லிப் புரிய வைக்க முடியாது.

கார் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பாண்டிமீனாவையும் பவதாரிணியையும், போகிற வழியில் மாமியார் வீட்டு ஆட்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அழகர்கோயில் போனான். திரும்பி வரும்போது மந்தை முன்னால் இருந்த வேகத்தடையில் கார் ஏறியது. தனியாக வந்தால் தட்டுத்தடுமாறித் தாண்டிவிடும். ஆள் நிறைய இருந்ததால் அடிவயிறு இடித்துக் கர்ரென்று ஒரு சத்தம். பீமாராவுக்குத் தன் பல்லையே யாரோ ராவியது மாதிரி இருந்தது. பின்னால் எடுத்தான். வாயைத் திறந்தான்.

“எல்லாரும் ஒரு நிமிசம் இறங்கி நடங்க. நான் தாண்டிட்டு ஏத்திக்கிறேன்.”

இறங்கினார்கள். மேடையில் இருந்த அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால், பட்டுச்சேலையும் தேங்காய்ப் பையுமாகக் குடும்பமே மந்தையைத் தாண்டி நடந்தது. காலி கார் வேகத்தடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. பவதாரிணி புதுச் செருப்பு கடிக்கிறது என்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிள்ளையும் அப்படியே சேர்ந்து நடந்தது.

மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் விருமாண்டி. பஞ்சாயத்தில் முன்பு பதவியில் இருந்தவர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அன்பாகப் பேசியே தோலை உரிப்பார்.

“பாத்தியளாப்பா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்களிடம், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. “அப்பன் எலும்பு ஒடிஞ்சும் இறங்கல. மகன் யாரும் கேக்காமலே குடும்பத்தையே இறக்கி நடக்க விடுறான். படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்.”

சிரித்தார்கள். பீமாராவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாண்டிமீனா காரில் ஏறி உட்கார்ந்து, வீடு வரும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த மாதிரிச் செய்தி ஓடைப்பாலத்தை நடந்து கடப்பதில்லை, பறந்து கடக்கும். வீட்டுக்கு வந்தபோது கருப்பு வாசலில் நின்றிருந்தார்.

“அவய்ங்க அடிச்சு நான் இறங்கலடா” என்றார். “நீ அடி வாங்காமலே எம் பேத்திய இறக்கிட்ட. அந்தப் புள்ள கையில செருப்பு வேற.”

“அப்பா, வண்டி அடி தட்டுச்சுப்பா. அதுக்காகத்தான்...”

“மந்தையில இறங்கச் சொல்ற வண்டியில நான் ஏற மாட்டேன். செத்தாலும் தோள்ல தூக்கிட்டுப் போங்க.”

அதோடு சரி. பேச்சை நிறுத்தவில்லை, காரை நிறுத்திவிட்டார். மகன் வேலைக்குப் போகிற அதே நேரத்தில் கொட்டாம்பட்டி போக வேண்டியிருந்தாலும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பார். சிவப்புக் கார் பக்கத்தில் வந்து நின்றால் வேறு பக்கம் பார்ப்பார்.

மந்தையும் ருசி கண்டுவிட்டது. ஒரு வாரத்தில் வேகத்தடை மேல் புதுசாக ஒரு அடுக்குக் கான்கிரீட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்திரத்துக்காக என்று சொன்னார்கள். பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. பீமாராவ் அசரவில்லை. வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டான். கொஞ்ச நாளில் இன்னொரு அடுக்கு போட்டார்கள், ஓரத்தில் ஜல்லிக்கல் துருத்திக்கொண்டு நின்றது. அவன் இன்னும் கொஞ்சம் கோணலாகத் திருப்பினான். மேடையில் இருந்தவர்கள் தினமும் சாயங்காலம் அவன் வருகிற நேரத்துக்கு டீயை வாங்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தனியாக வந்தாலும் வியர்த்து வழிந்துதான் தாண்டினான். குடும்பத்தை அதற்கப்புறம் அவன் ஏற்றவே இல்லை.

கோணலாக ஏற்றி இறக்கினால் வண்டி சும்மா இருக்குமா? ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நாலுவழிச் சாலையில் வேகமெடுத்தால் கையில் நடுக்கம். அவனியாபுரத்தில் அழகுபாண்டி வைத்திருக்கிற, சக்கரக் கோணல் எடுக்கிற அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனான். அழகுபாண்டி நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் எண்ணெய்க் கறை. வண்டியை மேலே ஏற்றி, முன் டயரின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க வா. கையக் குடு.”

பீமாராவ் கையை விட்டான். உள்ளோரம் வழவழவென்று இருந்தது. கோடு, பள்ளம் எதுவும் இல்லை.

“வெளிய பாத்தா புது டயரு. முள்ளு முள்ளா ரப்பர் மயிரு கூடப் போகல. உள்ள பாத்தா மொட்டை. ஏன்னு தெரியுமா? வண்டிய இம்புட்டுக் கீழ உக்கார வச்சா வீலு நேரா நிக்காது, தலை உள்ள சாஞ்சு நிக்கும். அப்ப டயரோட உள்ளோரம் மட்டும்தான் ரோட்டத் தொடும். நீ வேற கோணக்க மாணக்க ஏத்தி இறக்கி மிச்சத்தையும் கெடுத்து வச்சிருக்க. நான் அலைன்மென்ட் பண்ணித் தாரேன், அது ஒரு வாரம் நிக்கும். பழைய உயரத்துக்கு ஸ்பிரிங் போட்டுரு. இல்லாட்டி இங்கயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்க.”

“ஸ்பிரிங்க மாத்துனா மந்தைக்குப் பயந்து மாத்துன மாதிரி ஆயிரும்ணே.”

“எந்த மந்தை?”

பீமாராவ் கையில் ஒட்டிய கரியைத் துடைத்தான். அவன் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்தத் தாழ்வும் பெட்ரோல் பங்கில் திரும்பிப் பார்க்கிற தலைகளும் அவனுக்கு வேண்டியிருந்தன. அப்பாவின் தோள் முண்டு ஒரு பக்கம், அலாய் வீல் ஒரு பக்கம் என்று தராசு வைத்தால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அலாய் வீல் கொஞ்ச காலம் கனமாகத்தான் இருந்தது.

தராசைத் திருப்பியது கருப்பின் மூத்திரப்பை. எழுபதைத் தாண்டிய உடம்பு. முதலில் அடிக்கடி போக வேண்டும் என்றார். அப்புறம் வந்தால் அடக்க முடியவில்லை, போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றார். பீமாராவ் தன் சென்டரிலேயே ஸ்கேன் எடுக்க வைத்தான். ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன அந்த ஒரு நாள் போதும். மேலூர் தாண்டுவதற்குள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. கண்டக்டர் வாய்க்கு வந்தபடி பேசினான். கருப்பு, யாரிடமும் தலை குனியாத கருப்பு, “கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி” என்று கண்டக்டரிடம் சொன்னதைக் காதால் கேட்ட பிறகு பீமாராவுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்று பஸ் கிடையாது, கார்தான் என்று பீமாராவ் முடிவு செய்தான். அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

“ஸ்பிரிங்க மாத்திடுறேன்ப்பா. வண்டிய ஒசத்திடுறேன். நீங்க முன் சீட்டுல உக்காருங்க. மந்தையில யாரும் இறங்க வேணாம். நான் இறங்காமக் கொண்டு போறேன்.”

கருப்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டார்.

“கண்ணாடிய இறக்கி வச்சுப் போகணும்” என்றார். “நான் உக்காந்திருக்கிறது தெரியணும்.”

“சரிப்பா.”

“வெள்ள வேட்டி எடுத்து வைக்கச் சொல்லு மீனாவ.”

அழகுபாண்டி ஸ்பிரிங்கை மாற்றினார். கார் எழுந்து நின்றது. வீல் நேராக நிற்கும்படி அலைன்மென்டும் பண்ணினார். முன் டயர் இரண்டையும் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். உள்ளோரத்தில் ரப்பர் போய் நூல் தெரிந்தது. ஒரு இடத்தில் கம்பியும் மினுங்கியது.

“இது ஆகாது தம்பி. ஆனா இந்த அளவு டயரு இப்ப என்கிட்ட இல்ல, சொல்லிவிட்டுத்தான் வரும். அடுத்த வாரம் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்கிற. ஒண்ணு பண்றேன். ரிம்ல இருந்து கழட்டித் திருப்பிப் போடுறேன். தேஞ்ச பக்கம் வெளிய வந்துரும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா வெளியோரத்துல அம்புட்டா பாரம் விழாது. கம்பி எட்டிப் பாத்தா உன் கண்ணுக்கும் தெரியும். மெல்லப் போயிட்டு மெல்ல வந்துரு. அதுவரைக்கும் திருப்பி மட்டும் வச்சிராத.”

தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தான். அன்று சாயங்காலம் உயர்ந்த காரில், நேராக, கோணாமல் வேகத்தடையைத் தாண்டினான். மேடையில் டீ கிளாஸ்கள் வாய்க்குப் போகாமல் நின்றன. வேடிக்கை போய்விட்டதே என்ற ஏமாற்றம் அத்தனை முகத்திலும் இருந்தது. பீமாராவுக்கு நெஞ்சு நிறைந்தது. சும்மா போயிருக்கலாம். விருமாண்டி கையைக் காட்டிக் கூப்பிடவும் மடையன் நிறுத்தினான்.

“என்னப்பா பீமா, வண்டிய ஒசத்திட்ட போல. நல்லது, நல்லது” என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து முன் டயரைப் பார்த்தார். “ஆனா டயரு என்னப்பா இப்பிடி மொட்டையாக் கெடக்கு? ஒங்க அப்பன் மண்டை கணக்கா. ஒசக்கப் போனாலும் கால்ல போட நல்ல செருப்பில்லையே.”

மேடை உயிர் பெற்றது. ஒருத்தன் எழுந்து வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தான். நாளைக் கழித்து இதே டயரோடு, வெள்ளை வேட்டியில் அப்பாவை உட்கார வைத்து இந்த வழியாகப் போக வேண்டும். அப்போதும் இந்த ஆள் இதையேதான் சொல்வார், அப்பா காதில் விழச் சொல்வார். பீமாராவுக்கு அதற்கு மேல் மூளை ஓடவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது நாலுவழிச் சாலை ஓரத்தில் இருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினான். “ரெண்டையும் திருப்பிப் போடுங்க. நல்ல பக்கம் வெளிய” என்றான். கடைக்காரர் டயரைக் கழற்றி நூலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “நாளைக்கு ஒரு நாளைக்குத்தாண்ணே” என்றான் பீமாராவ். அவர் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து டயருக்குக் கறுப்புப் பாலிஷ் அடித்தான். புதுசு மாதிரிப் பளபளத்தது. படுபாவி, எக்ஸ்ரே எடுக்கிறவன்.

காலையில் கிளம்பினார்கள். முன் சீட்டில் கருப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் முண்டு இருக்கிற பக்கத்திலேயே துண்டு. கண்ணாடி இறக்கியிருந்தது. பின்னால் பாண்டிமீனாவும் பவதாரிணியும். கிளம்புகிற நிமிஷம் வரை கருப்பு இரண்டு முறை ஒதுங்கிவிட்டு வந்தார். காலனியில் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். ஓடைப்பாலம் தாண்டியது. மந்தை வந்தது. மேடையில் கூட்டம் இருந்தது. கருப்பு நிமிர்ந்து உட்கார்ந்து, கையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது இடது பக்கம், கருப்பின் காலுக்குக் கீழே, துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, மேடைக்கு நேர் எதிரே.

பீமாராவ் இறங்கிப் பார்த்தான். பாலிஷ் போட்ட வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. உள்பக்கம் விரல்கள் நுழைகிற அளவுக்குக் கிழிந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி டிக்கியில் இருந்தது. ஜாக்கி இல்லை. கார் தாழ்வாக இருந்தபோது ஜாக்கி அடியில் நுழையாது என்று, லோடு ஆட்டோ வைத்திருக்கிற சித்தப்பா மகன் தமிழ்மாறனிடம் தூக்கிக் கொடுத்திருந்தான். போன் போட்டான். தமிழ்மாறன் மேலூர் சந்தையில் இருந்தான்.

“சரக்கு இறக்கிக்கிட்டு இருக்கேண்ணே. முடிச்சிட்டு வாரேன், மத்தியானம் ஆயிரும்.”

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தாமதமாகும் என்று சொன்னான். திரும்பினால் விருமாண்டி நின்றிருந்தார், கையில் டிராக்டர் ஜாக்கியோடு இன்னொருத்தன்.

“ஏம்ப்பா அலையிற? இந்தா ஜாக்கி. ஊருக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை பண்ணாம எப்பிடி?” என்றார். “ஆனா ஆள வச்சுக்கிட்டு வண்டியத் தூக்கப்படாது. ஜாக்கி நழுவுனா உசுருக்கு ஆபத்து. படிச்ச ஒனக்குத் தெரியாததா? பெரியவர இறங்கச் சொல்லு. அந்தா, மேடையிலயே ஒக்காரட்டும்.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வான். அந்தச் சரியைத்தான் அவர் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பீமாராவ் ஜன்னலருகே குனிந்தான். வாய் திறப்பதற்குள் கருப்பு சொன்னார்.

“கேக்காத.”

“அப்பா...”

“இறங்காமக் கொண்டு போறேன்னு சொன்ன.”

பாண்டிமீனா பின்னாலிருந்து, “நாங்களும் இறங்கலைங்க. அன்னைக்கு நடந்தது போதும். தமிழு தம்பி வரட்டும்” என்றாள்.

வெயில் ஏறியது. பங்குனி வெயில், கார் தகரம் தொட்டால் சுட்டது. ஜாக்கிக்காரன் ஜாக்கியைக் கார் முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் மேடையில் உட்கார்ந்தான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கருப்பின் கால்கள் ஆட ஆரம்பித்ததைப் பீமாராவ் பார்த்தான். முழங்காலை ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. பீமாராவ் காலி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் மடியில் மெதுவாக வைத்தான். அவர் தள்ளிவிட்டார். பின்னால் மருமகள், பேத்தி. எதிரே மேடை. பவதாரிணி பாட்டிலைப் பார்த்துவிட்டு, குழந்தைக் குரலில், உரக்க, “தாத்தா, பஸ்ஸுல எனக்கு அம்மா இப்பிடித்தான் பிடிப்பாங்க. நீங்களும் அதுலயே போங்க” என்றாள்.

மேடையில் வெடித்த சிரிப்பில் கருப்பு கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அது நடந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் விட்டது. வெள்ளை வேட்டி மடியிலிருந்து நிறம் மாறிக்கொண்டே போனது. ஜன்னல் விளிம்பில் வைத்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

பீமாராவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கீழே கிடந்த டிராக்டர் ஜாக்கியை இழுத்தான். உள்ளே மூன்று பேரையும் வைத்துக்கொண்டே முட்டுக் கொடுத்துத் தூக்கினான். கார் நடுங்கியது. தன் குடும்பத்தை ஒரு இரும்புத் துண்டின் மேல் நிறுத்தியிருக்கிறோம் என்று தெரிந்தேதான் தூக்கினான். நட்டைக் கழற்றும்போது அவன் தலைக்கு நேர் மேலே அப்பாவின் கை இருந்தது. ஸ்டெப்னியை மாட்டினான். இறக்கினான்.

விருமாண்டி ஜாக்கியை வாங்கிக்கொள்ள வந்தார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

“என்னப்பா பீமா, ஏசி தண்ணி உள்ளேயே ஒழுகுது போல. பாத்து மாத்திரு” என்றார், ரொம்ப அன்பாக.

கருப்பு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “வண்டிய எடுடா” என்றார்.

கார் நாலுவழிச் சாலையில் ஏறியது. பாண்டிமீனா ஆஸ்பத்திரிப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முன்னால் நீட்டினாள். கருப்பு வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

“நான் இறங்கலேல்லடா?” என்று கேட்டார்.

“இறங்கலப்பா.”

“அம்புட்டுப் பேரும் பாத்தாய்ங்கல்ல?”

“பாத்தாங்கப்பா.”

கொஞ்ச தூரம் போனது. “டயரு எப்பிடிடா வெடிச்சுச்சு? புதுசு மாதிரில்ல இருந்துச்சு.”

பீமாராவ் ஸ்டியரிங்கைப் பார்த்தான். அது நேராக, கொஞ்சமும் இழுக்காமல், அழகுபாண்டி விட்டது போலவே நின்றது.

“கல்லு குத்திருச்சுப்பா. வேகத்தடையில ஜல்லி நீட்டிக்கிட்டு இருந்துச்சு.”

கருப்புக்கு முகம் தெளிந்துவிட்டது. “அப்பிடிச் சொல்லு. கல்ல வச்சிருக்காய்ங்க. நாம ஒசந்து போறது பொறுக்காமக் கல்ல வச்சிருக்காய்ங்க” என்றார். மதுரை வரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் வேட்டி மாற்றி விட்ட நர்ஸிடம் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த சின்ன டாக்டரின் கையைப் பிடித்துச் சொன்னார். “எம் மகன் எனக்காகப் புது டயரு மாட்டிக் கூட்டிட்டு வந்தான் சார். அவய்ங்கதான் கல்ல வச்சு வெடிக்க வச்சுட்டாய்ங்க. இல்லாட்டி இப்பிடி ஆகியிருக்காது. அவன்கிட்டயே கேளுங்க.”

டாக்டர் நிமிர்ந்து பீமாராவைப் பார்த்தார்.

“ஆமா சார்” என்றான் பீமாராவ். “புது டயர்தான்.”